தவ்கே மூணாம் நாள் நடுவுல அழுகிப் போகுது, எங்கே தப்பு?

சிப்புட்_லயம் கேட்டது:

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு, மேலே தகரக் கூரை. வீட்டிலேயே தவ்கே (பச்சைப் பயறு முளை) போட்டுப் பார்க்கிறேன். மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் கெட்டது. செய்ததை அப்படியே எழுதுகிறேன், எங்கே பிசகு என்று சொல்லுங்கள்.

பச்சைப் பயறு 300 கிராம், மளிகைக் கடையில் நிறுத்து வாங்கியது. மாலை 6 மணிக்கு ஊறப்போட்டு மறுநாள் காலை 5 மணிக்கு வடித்தேன். 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஆணியால் 8 துளை. பயற்றைக் கொட்டி ஈரத்துணி போட்டு மூடி, சமையல்கட்டில் கேஸ் அடுப்பு மேசைக்குக் கீழே வைத்தேன். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) போகும் முன் ஒரு தடவை, இரவு ஒரு தடவை தண்ணீர் தெளிப்பேன்.

இரண்டாம் நாள் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் மதியம் திறந்தால் புளித்த வாடை. ஓரத்தில் இருப்பது நல்லது, நடுவில் இருப்பது கொழகொழ. தப்பித்ததும் நூல் மாதிரி மெலிந்து, தலை பச்சையாக, வேர் நீளமாக இருக்கிறது. கூடவே பல்லை உடைக்கிற மாதிரி கல்லுப் பயறு.

ஈப்போ தவ்கே மாதிரி குட்டையாக, குண்டாக வர என்ன செய்ய வேண்டும்? காலை 5:30-க்குக் கிளம்பினால் மதியம் 2 மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன், நடுவில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. பச்சையாகச் சாப்பிடலாமா என்பதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம், அதற்குத்தான் இத்தனை பாடு.

---

கொல்லைப்புறம் எழுதியது:

தங்கச்சி, கெட்டதற்குக் காரணம் உங்கள் பதிவிலேயே நாலு இடத்தில் இருக்கிறது. பயறு கூடிப்போனது, ஊறல் கூடிப்போனது, தண்ணீர் தெளித்தது, அடுப்புக்கடியில் வைத்தது.

முதலில் அளவு. நல்ல பயறு 100 கிராம் போட்டால் 500 முதல் 600 கிராம் தவ்கே வரும். 300 கிராம் என்றால் ஒன்றரை கிலோவைத் தாண்டும். 2 லிட்டர் டப்பாவில் அது எங்கே நிற்கும்? 100 கிராமுக்குக் குறைந்தது 2 லிட்டர் இடம் என்று கணக்கு வையுங்கள். 20 செ.மீ. அகல வாய் உள்ள 5 லிட்டர் வாளியில் 200 கிராம் சரியாக இருக்கும். ஊறிய பயறு அடியில் 2 செ.மீ. கனத்துக்குள் பரவி நிற்க வேண்டும்.

அடுத்தது சூடு. பெரும்பாலும் தவ்கேயைக் கொல்வது இதுதான். முளைக்கிற பயறு மூச்சு விடுகிறது, மூச்சு விட்டால் சூடு உண்டாகும். ஓரத்துச் சூடு டப்பாச் சுவர் வழியாகப் போய்விடும், நடுவில் இருக்கிறது போக வழியில்லை. தகரக் கூரை வீட்டில் மதியம் சமையல்கட்டே 32, 33 டிகிரி இருக்கும், குவியலின் நடு அதற்கும் மேலே ஏறும். சூடு ஏற ஏற முளை வேகமாக மூச்சு விடும், அதனால் இன்னும் சூடு. காற்றும் போதாமல் போனதும் முளை செத்துச் சாறு கசியும். கிருமிக்கு அதுதான் விருந்து. உங்களுக்கு ஓரம் நன்றாகவும் நடு கொழகொழவென்றும் இருந்தது இதனால்தான். விரலைக் கழுவிக்கொண்டு குவியலின் நடுவில் விட்டுப் பாருங்கள். கைச்சூட்டுக்கு மேல் தெரிந்தால் அந்த நிமிடமே தண்ணீர் விட வேண்டும்.

தெளிப்பது தண்ணீர் விடுவது ஆகாது. தெளித்தால் மேல் வரிசை மட்டும் நனையும், சூடு உள்ளேயே நிற்கும். வாளியோடு ஒரு பேசினில் இறக்கி, பயறு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி 2, 3 நிமிடம் விடுங்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு தூக்கி, சாய்த்து, கடைசிச் சொட்டு வரை வடிய விடுங்கள். முழுக்க நனைய வேண்டும், முழுக்க வடிய வேண்டும். இரண்டில் எது பாதியில் நின்றாலும் அழுகும். அடியில் அரை செ.மீ. தண்ணீர் தேங்கினாலே கீழ் வரிசை மூச்சு முட்டிச் சாகும்.

அதற்குத் துளை முக்கியம். 8 போதாது. 20 செ.மீ. வாளிக்கு 40, 50 துளை வேண்டும், அடியில் மட்டும் அல்லாமல் சுவரின் கீழ் ஒரு அங்குலத்திலும் சுற்றிப் போடுங்கள். ஆணியைச் சூடு காட்டிக் குத்தினால் பிளாஸ்டிக் விரியாது. துளை 2, 3 மி.மீ. இருந்தால் போதும். இரண்டாம் நாள் வேர் வந்து துளையை அடைக்கும், அதனால் அடியில் ஒரு சுற்று பிளாஸ்டிக் வலை வெட்டிப் போடுங்கள். வாளியை நேராகத் தரையில் வைக்காமல் கிண்ணம் எதையாவது கவிழ்த்து அதன்மேல் நிறுத்துங்கள்.

டின் வேண்டாம். மைலோ டின், பிஸ்கட் டின் எல்லாவற்றிலும் துளை போட்ட இடம் இரண்டே நாளில் துருப்பிடிக்கும், வேர் நுனி பழுப்பாகும். மண்பானை கிடைத்தால் அதுதான் ராஜா. சுவரில் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளே குளிர்ச்சி நிற்கும். பூந்தொட்டி மாதிரி அடியில் ஓட்டை உள்ள பானை, ஆனால் புதிது. செடி வைத்திருந்த தொட்டி கூடாது.

ஊறல் நம் சூட்டுக்கு 6 முதல் 8 மணி நேரம். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு 12 மணி நேரம் போடுகிறார்கள், இங்கே அது ஊறல் இல்லை, புளிப்பு. தண்ணீரில் நுரை தட்டி, குமிழ் வந்து, லேசாக நாறினால் உள்ளே இருக்கிற சத்து தண்ணீரில் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பயறு இரட்டிப்பாக உப்பி, தோல் அங்கங்கே விட்டிருக்க வேண்டும், முளை வெளியே வந்திருக்கக் கூடாது. அந்தப் பதத்தில் வடியுங்கள்.

---

புந்தோங்_பயறு எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் குண்டு தவ்கே விஷயத்துக்கு மட்டும் வர்றேன்.

ஈப்போ தவ்கே என்றாலே சுண்ணாம்பு மலைத் தண்ணீர் என்று எல்லாரும் ஒரே பல்லவிதான் பாடுவாங்க. ஈப்போவில் எங்க புந்தோங் பக்கம் கச்சாங் பூத்தேவுக்கும் (கடலை, முறுக்கு மாதிரி நொறுக்கு) பேர், தவ்கேவுக்கும் பேர், அதனால் இந்தப் பேச்சு காது புளிக்கக் கேட்டாச்சு. தண்ணீருக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம், நான் மறுக்கலை. ஆனால் உங்க வீட்டுப் பைப் தண்ணீரிலேயே குண்டாக வர வைக்க முடியும். அதுக்கு வேண்டியது பாரமும் இருட்டும்.

மண்ணுக்கடியில் முளைக்கிற விதை மேலே இருக்கிற மண்ணை முட்டித் தள்ளணும். முட்டும்போது தடை இருந்தால் முளை எத்திலீன் என்கிற வாயுவைத் தானே உண்டாக்கிக்கும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். அது பட்டதும் தண்டு நீள்றதைக் குறைச்சுக்கிட்டு அகலமாகும், தலை கொக்கி மாதிரி வளையும். பாரம் வைக்கிறவன் பயற்றிடம் "உன் மேலே மண் இருக்கு" என்று பொய் சொல்றான், அவ்வளவுதான்.

எப்படி வைக்கிறது? முதல் நாள் பாரம் வேண்டாம். வேர் 1 செ.மீ. வந்ததும், அதாவது வாளியில் போட்டு ஏறக்குறைய 24 மணி நேரம் கழிச்சு, பயறு மேல் ஈரத்துணி, துணி மேல் துளையுள்ள தட்டையான ஆவித்தட்டு, தட்டு மேல் பாரம். தட்டு வாளி வாயைவிட 1 செ.மீ. சின்னதா இருக்கணும், இல்லாட்டி சுவரில் சிக்கிக்கும், பாரம் இறங்காது. 20 செ.மீ. வாளிக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, நிரப்பி நிறுத்தினால் ஒன்றரை கிலோ கையில் இருக்கு. ஆற்றங்கல் வைக்கிறதாக இருந்தால் 10 நிமிடம் கொதிக்க வைச்ச கல்லாக இருக்கட்டும். தண்ணீர் விடும்போது தட்டை எடுக்க வேண்டாம், அப்படியே மேலே ஊற்றுங்க, துளை வழியா இறங்கும்.

நிறைய பேர் ஆசையில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திறந்து, கிளறிப் பார்க்கிறாங்க. கிளறினால் வேர் ஒடியும், ஒடிஞ்ச இடத்தில் அழுகல் தொடங்கும். போட்டது போட்டபடி இருக்கணும். நெருக்கமா நிற்கிறதுதான் பக்கத்துப் பாரம்.

தலை பச்சையானது வெளிச்சத்தால். பச்சை பிடிச்ச தலை கசக்கும், தண்டு நாராகும். ஊதா ஓடினாலும் வெளிச்சம் பட்டிருக்குன்னுதான் அர்த்தம். ஐஸ்கிரீம் டப்பா வெள்ளையா தெரியுது, ஆனால் வெளிச்சம் ஊடுருவும். கறுப்பு வாளி நல்லது, இல்லாட்டி கறுப்புத் துணி சுற்றுங்க. தண்ணீர் ஊற்றுற 3 நிமிட வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது.

வேர் நீளமா, கிளை விட்டுப் போனால் ரெண்டு காரணம்: தண்ணீர் பத்தாமல் தேடிப் போகுது, இல்லாட்டி நீங்க லேட்டா எடுத்திருக்கீங்க. நம்ம சூட்டில் வாளியில் போட்டதிலிருந்து மூன்றரை, நாலு நாளில் எடுத்திடணும். தண்டு 4, 5 செ.மீ. இருக்கும்போது. ஐந்தாம் நாள் வரைக்கும் விட்டால் பக்க வேர் கிளம்பும், முதல் இலை தலையைப் பிளந்து எட்டிப் பார்க்கும், அப்புறம் அது தவ்கே இல்லை, நாற்று.

கல்லுப் பயறு பற்றி: சில பயற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. செத்த பயறு இல்லை அது, பூட்டின பயறு. ஒரு பங்கு கொதித்த தண்ணீருடன் மூன்று பங்கு பைப் தண்ணீர் கலந்தால் 46 டிகிரி பக்கம் வரும். அந்தத் தண்ணீரில் ஊறலை ஆரம்பிச்சு, தானா ஆற விடுங்க. பூட்டு நிறைய திறக்கும். ஊறல் முடிஞ்சதும் ஒரு வெள்ளைத் தாம்பாளத்தில் பரப்பினால் உப்பாததெல்லாம் சின்னதா, கரும்பச்சையா, பளபளன்னு தனியாத் தெரியும். பொறுக்கிப் போடுங்க. அதோட உடைஞ்சது, பாதி, மிதக்கிறது எல்லாம் வெளியே. உடைஞ்ச பயறு முளைக்காது, ஆனால் முதலில் அழுகி மத்ததையும் கெடுக்கும்.

வாங்கின பயறு புதுசா பழசான்னு சந்தேகம் இருந்தால் 50 எண்ணி, ஊற வைச்சு, ஈர டிஷ்யூவில் சுற்றி ஒரு நாள் விடுங்க. 45-க்கு மேல் முளைத்தால் மூட்டையே வாங்கலாம். 40-க்குக் கீழே என்றால் அதைக் கஞ்சிக்குப் போடுங்க, தவ்கேவுக்கு ஆகாது.

---

சிப்புட்_லயம் கேட்டது:

இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது புரிகிறது, மூன்று மடங்கு பயறு போட்டிருக்கிறேன்.

மதியப் பிரச்சினை மட்டும் பாக்கி. காலை 5 மணிக்குத் தண்ணீர் விட்டால் அடுத்தது 2:30. அதற்குள்தான் சூடு ஏறுகிறது. இன்னொன்று, வீட்டில் ரப்பர் பால் எடுக்கிற பழைய பால்வாளி இரண்டு நல்ல நிலையில் இருக்கிறது, அதைத் துளை போட்டுக்கொள்ளலாமா? மழைத் தண்ணீர் பீப்பாயில் நிறைய இருக்கிறது, அதையே ஊற்றலாமா? எறும்பும் வருகிறது.

---

கொல்லைப்புறம் எழுதியது:

பால்வாளி வேண்டாம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரப்பர் பால் ஒட்டிய வாளி வாளிதான், அமோனியாவும் பார்மிக் ஆசிட்டும் பழகிய சாமான். தோட்டத்தில் சும்மா கிடைக்கிற எதையும் இதற்கு எடுக்காதீர்கள். உரச்சாக்கை வெட்டி மேலே மூடுவது, மருந்து வந்த ஜெர்ரிகேனை அறுத்துத் தொட்டியாக்குவது இரண்டும் சிலர் செய்கிற வேலைதான். களைக்கொல்லி வந்த பாத்திரம் எத்தனை தடவை கழுவினாலும் சாப்பாட்டுப் பக்கமே வரக் கூடாது. கடையில் புது வாளி சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்.

மழைத் தண்ணீரும் வேண்டாம். கூரையில் காக்கா, மைனா, எலி போட்டதெல்லாம் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. சட்டிக்குப் போகும் காய்க்கு வேண்டுமானால் பரவாயில்லை, ஈரச்சூட்டில் நாலு நாள் அடைகாக்கிற பயற்றுக்கு அது கிருமி விதைப்பு. பைப் தண்ணீரில் இருக்கிற குளோரின் தவ்கேயை ஒன்றும் செய்யாது. மழைக்குப் பிறகு பைப் தண்ணீர் கலங்கலாக வந்தால் கொதிக்க வைத்து, முழுக்க ஆற வைத்து ஊற்றுங்கள்.

ஒன்பதரை மணி நேர இடைவெளிக்கு ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. 1.5 லிட்டர் பாட்டில் மூடியில் ஊசித் துளை, அடியில் காற்றுக்கு ஒரு துளை. கவிழ்த்து வாளிக்கு மேலே கட்டித் தொங்க விடுங்கள், சொட்டு ஆவித்தட்டின் மேல் விழட்டும். நிமிடத்துக்கு 50, 55 சொட்டு விழுந்தால் பாட்டில் ஒன்பது மணி நேரம் தாங்கும். ஆஸ்பத்திரி டிரிப் மாதிரி கடிகாரம் பார்த்து ஒரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள். கூடிப்போனால் துளையில் ஒரு நூல் செருகினால் குறையும். தட்டுக்குக் கீழே இருக்கிற துணி சொட்டை உறிஞ்சி எல்லாப் பக்கமும் பரப்பும், அதனால் துணி வாளி ஓரம் வரை எட்ட வேண்டும்.

பேசினில் ஒன்றரை லிட்டர் சேரும், ஆகவே வாளியை 8 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். வாளியின் அடி ஒருபோதும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. வாளியைச் சுற்றி ஈரத் துண்டு கட்டி, துண்டு நுனி பேசின் தண்ணீரில் தொங்கினால் அது தானாக ஏறி ஆவியாகிக்கொண்டே இருக்கும், சுவர் குளிர்ச்சியாக நிற்கும். இடம்: அடுப்படியை விட்டு எங்கே வேண்டுமானாலும், தரையோடு தரையாக. சிமெண்டுத் தரை மேசையைவிடக் குளிர்ச்சி. எறும்புக்கும் இதே பேசின் தண்ணீர் அகழி. ஆனால் தினமும் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும். செடிக்கு ஊற்றலாம்.

எலி இருக்கிற வீடு என்றால் துணி மட்டும் போதாது, பாரமும் தட்டும் நெருக்கமாக மூடியிருக்க வேண்டும். எலி மூத்திரம் பட்டால் எலிக்காய்ச்சல், அந்த வாளியை அப்படியே கொட்டிவிடுவதுதான் வழி.

---

வெந்தயக்கீரை எழுதியது:

பச்சையாகச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. என் பதில்: வேண்டாம்.

கிருமி வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். தவ்கே விஷயத்தில் அது பெரும்பாலும் விதையோடேயே வருகிறது. வயலில், மூட்டையில், கிடங்கில் சால்மொனெல்லாவோ ஈ.கோலையோ தோலின் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த பயற்றில் அது மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். நாம் ஈரம், சூடு, இருட்டு, நாலு நாள் அவகாசம் எல்லாம் கொடுத்து வளர்ப்பது பயற்றை மட்டுமல்ல. தவ்கே பார்க்க வெள்ளை வெளேர் என்று இருக்கும், வாடையும் இருக்காது, உள்ளே கோடிக்கணக்கில் இருக்கலாம். அழுகல் வாடை வந்தால் கெட்டது என்பது சரி. வாடை இல்லாததால் நல்லது என்பது சரியில்லை.

2011-இல் ஜெர்மனியில் பரவிய ஈ.கோலை நோயில் 3,800-க்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள், 50-க்கு மேல் இறந்தார்கள். விசாரணை போய் நின்ற இடம் முளைகட்டிய வெந்தயம், எகிப்திலிருந்து இறக்குமதியான விதை. அதற்கு முன் 1996-இல் ஜப்பானின் சாகாய் நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நோயுற்றபோது சந்தேகம் விழுந்தது முள்ளங்கி முளை மேல். சர்க்கரைக்கு நல்லது என்று நம் வீடுகளில் வெந்தயத்தை முளைகட்டி வெறும் வயிற்றில் பச்சையாக மெல்லும் பழக்கம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். கர்ப்பிணி, கைப்பிள்ளை, வயதானவர், சிறுநீரகமோ புற்றுநோயோ சிகிச்சையில் இருப்பவர் எவருக்கும் பச்சை முளை கொடுக்காதீர்கள். மற்றவர்களும் வேக வைத்தே சாப்பிடலாம்.

வினிகர், உப்பு, மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்தால் போகாதா என்று அடுத்த கேள்வி வரும். வெடிப்புக்குள் இருப்பதை அவை எட்டாது. கிளோராக்ஸ் (துணி வெளுக்கிற பிளீச்) பற்றிக் கேட்கவே வேண்டாம். தொழில் முறையில் விதையைச் சுத்திகரிக்கிறவர்கள் அளந்து, சோதித்துச் செய்கிறார்கள், வீட்டு அளவில் மூடி கணக்குக்கு ஊற்றுவது ஆபத்தும் பயனற்றதும்.

வேக வைப்பது என்றால் கடையில் செய்கிற மாதிரி கொதிநீரில் பத்து வினாடி காட்டி எடுப்பது இல்லை. ஒரு லிட்டர் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள், அதிகம் போட்டால் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வந்த பிறகு 2 நிமிடம். தண்டு கண்ணாடி மாதிரி ஆகும், கடிக்கும்போது நறுக்கென்ற சத்தம் கொஞ்சம் மிச்சமிருக்கும். கெராபு (மலாய்க்காரர் செய்கிற சாலட்) செய்வதாக இருந்தாலும் இந்தப் பதம் போதும்: உடனே வடித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் குளிர வைத்து, தேங்காய்ப் பூவும் சிறு வெங்காயமும் போட்டுக் கலக்குங்கள். காய்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாத வைட்டமின் சி முளைக்கும்போது உண்டாகிறது. வேகும்போது அதில் ஒரு பங்கு போகும், முழுவதும் போகாது.

இன்னொரு எச்சரிக்கை. விவசாயக் கடையில் நடுவதற்கு விற்கிற விதைப் பாக்கெட்டை முளைகட்டாதீர்கள். பூஞ்சைக்கு மருந்து பூசியிருப்பார்கள், பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏற்றியிருக்கும். சாப்பிட விற்கிற பயறு மட்டும் வாங்குங்கள். பாதியாக உடைத்த பாசிப்பருப்பு முளைக்காது, தோலோடு முழுதாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மாதம் ஒருவராவது கேட்கிறார்கள்.

---

அம்மிக்கல் எழுதியது:

வெந்தயம் பேச்சு வந்ததால், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சுண்டலுக்குப் போடுகிற முளை தவ்கே இல்லை. வாலாக அரை செ.மீ., 1 செ.மீ. வந்தால் போதும், அதற்கு வாளியும் பாரமும் வேண்டாம், துணி மூட்டை போதும். மல் துணி, தளர்வாக முடிச்சு, வடிகூடையில் வைத்து 5, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை மூட்டையோடு தண்ணீரில் முக்கி எடுக்கணும். இறுக்கிக் கட்டினால் நடு வெந்துபோகும், அதே சூட்டுக் கதை.

பச்சைப் பயறு மூட்டையில் 12 முதல் 18 மணி நேரம். கொண்டைக்கடலை 8 மணி நேரம் ஊறி ஒரு நாள். தட்டைப் பயறும் அப்படியே. கொள்ளு சண்டிமாடு: 10, 12 மணி நேரம் ஊறணும், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றணும், பிறகு 24 முதல் 36 மணி நேரம். முழு உளுந்து தவ்கே மாதிரியே வாளியில் நன்றாக வரும், கறுப்புத் தோலைக் கழுவுவதுதான் வேலை. வெந்தயம் வழவழப்பு விடும், மூட்டை கட்டினால் பசையாகும். தட்டையான வடிகட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஓடும் தண்ணீரில் அலசணும், 2 நாளில் எடுத்துக் குழம்பில் போட்டு வேக வைங்க.

கேழ்வரகு: நாலைந்து தடவை கல் அரித்துக் கழுவி, 10 மணி நேரம் ஊறல், மூட்டையில் 24 முதல் 36 மணி நேரம், வெள்ளையாக ஊசி முனை மாதிரி எட்டிப் பார்த்ததும் பரப்பி வெயிலில் நன்றாகக் காய வைக்கணும். மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீங்க, பாதி காய்ந்தது பூசணம் பிடித்தால் மாவே வீண். காய்ந்ததைக் கையால் தேய்த்து வேரைப் புடைத்துவிட்டு, லேசாக வறுத்து அரைத்தால் கூழுக்கு ஆச்சு. முளைகட்டின மாவு தண்ணியாகவே நிற்கும், கெட்டியாகலையேன்னு மேலே மேலே மாவு கொட்டாதீங்க. மாவுச்சத்து உடைந்து இனிப்பாவதால் அப்படி.

சோயா தவ்கேவுக்குப் பொறுமை வேணும். பெரிய மொச்சை சைஸ் சோயா சீக்கிரம் அழுகும், சின்ன ரகம் தேடுங்க. ஊறல் 6 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சமைக்கும்போது மஞ்சள் தலை வேக 5 நிமிடத்துக்கு மேல் ஆகும், அரைவேக்காடு வயிற்றைப் பிடிக்கும்.

தொடக் கூடாதது ரெண்டு. ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் வாந்தி பேதி நிச்சயம், முளைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளைச் சோளத்தின் இளமுளையில் சயனைடு உண்டாகும். கேழ்வரகுக்குப் பண்ணுகிற மாதிரி சோளத்துக்கும் பண்ணலாம்னு முளையோடு அரைக்காதீங்க.

---

சிப்புட்_லயம் கேட்டது:

சோளம் வாங்கி வைத்திருந்தேன், நல்ல வேளை. கடைசியாக இரண்டு சந்தேகம். தோலைச் சுலபமாக எப்படி எடுப்பது, எடுத்ததை எத்தனை நாள் வைக்கலாம்? வெள்ளிக்கிழமை மாலை சமைக்க வேண்டும் என்றால் எப்போது ஊறப்போட வேண்டும்?

---

புந்தோங்_பயறு எழுதியது:

வாளியை அப்படியே கவிழ்த்தால் வேரோடு பின்னிக்கிட்டு ஒரு கேக் மாதிரி விழும். பெரிய பேசின் நிறையத் தண்ணீரில் போட்டு, கையால் கொத்துக் கொத்தாப் பிரிச்சு, சுற்றி விடுங்க. தோல் பாதி மேலே மிதக்கும், அதைச் சாய்த்துக் கொட்டுங்க. மீதித் தோல், முளைக்காத பயறு எல்லாம் அடியில் தங்கும். தவ்கே ரெண்டுக்கும் நடுவில் நிற்கும், அள்ளி எடுத்திடலாம். மூணு தண்ணீர் போதும். ஒட்டிக்கிட்டு இருக்கிற நாலு தோலுக்காக உட்கார்ந்து கிள்ள வேண்டாம், தின்றால் ஒண்ணும் ஆகாது. வேர் கிள்றதும் அவரவர் பொழுதைப் பொறுத்தது.

வைக்கிறதுக்கு: தண்ணீரில் மூழ்க விட்டு ஃபிரிட்ஜில் வைக்கிற பழக்கம் இருக்கு, மொறுமொறுப்பு நிற்கும், ஆனால் தினம் தண்ணீர் மாற்றலைன்னா ரெண்டாம் நாளே வாடை. நல்லா வடிச்சு, டப்பா அடியில் டிஷ்யூ போட்டு மூடி, 4 டிகிரியில் 3 நாள். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீங்க, உள் தட்டில் வைங்க. தண்டு பழுப்பானாலோ வழுக்கினாலோ கொட்டிடுங்க, வேக வைச்சுச் சமாளிக்கலாம்னு பார்க்காதீங்க.

வெள்ளிக்கிழமைக்கு: திங்கள் 2:30-க்கு வேலை முடிஞ்சு வந்ததும் 46 டிகிரித் தண்ணீரில் ஊறல். ராத்திரி 9:30-க்கு வடிச்சுப் பொறுக்கி வாளியில். செவ்வாய் காலையிலிருந்து 5 மணி, 2:30, 6 மணி, 10 மணி என்று நாலு தண்ணீர், நடுவில் பாட்டில் சொட்டு. செவ்வாய் ராத்திரி 10 மணித் தண்ணீருக்குப் பிறகு பாரம். வெள்ளி சாயங்காலம் 5 மணிக்குக் கவிழ்க்கலாம், ஏறக்குறைய 91 மணி நேரம் ஆகியிருக்கும். முதல் தடவை 100 கிராம் மட்டும் போடுங்க, அதுக்குப் பாரம் ஒரு கிலோ போதும். வாளி, துணி, வலை மூணையும் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வைக்காமல் அடுத்த ஈடு போடாதீங்க. போன தடவை அழுகின துணியை மட்டும் கழுவிப் பார்க்க வேண்டாம், புதுசா வெட்டிக்குங்க.